பழம் போடாதீர் குமுதா

குனோங் ராபாட்டில் குரங்குகளுக்காக வாழ்வை அர்ப்பணித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், குமுதாவைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.

வார நாள்களில் பல் கிளினிக் ஒன்றில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. சனிக்கிழமை காலையில் சுண்ணாம்புக் குன்றடியில் இருக்கும் முனீஸ்வரர் கோயில் வாசலில், ஒரு கையில் குடையும் மறு கையில் அட்டையுமாக நிற்பார். ‘குரங்குகளுக்குப் பழம் போடாதீர்’ என்று அட்டையில் இருக்கும். கோயிலுக்குள் சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் சந்நிதி உண்டு. சனி தோஷக்காரர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு, குன்றில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்குச் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் போடுவார்கள்.

“பழம் போட்டா கீழ எறங்கும்ண்ணே. எறங்குனா தாமான் வீட்டுக்குள்ள பூரும். பூந்தா கம்ப்ளேன் பண்ணுவாங்க. அப்புறம் கூண்டு வரும். கூண்டுல போனது திரும்பி வராது.”

“ஒரு சீப்புதானேக்கா. இதுல என்னா லா சூசா வந்துறப் போவுது?”

இந்த உரையாடல் பல வருடங்களாக நடந்தது. ஆள் மட்டும் மாறும்.

குமுதா பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அவருடைய அப்பா லயத்து வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டு, அதைத் தின்ன வந்த குரங்குகளை லாஸ்திக் கவணால் கல்லெறிந்து விரட்டியவர். அப்பாவும் மகளும் ஆக மொத்தத்தில் செய்தது ஒரே வேலை, குரங்கை மேலே போகச் சொல்வது. ஆனால் பொன்னாடை கிடைத்தது மகளுக்குத்தான்.

அவருடைய நச்சரிப்பு தாங்காமல் பாதிப் பேர் பழம் போடுவதை விட்டிருந்தார்கள். கூட்டம் குன்றின் மேலேயே தங்கப் பழகிக்கொண்டது. காது கிழிந்த கிழட்டுப் பெண்குரங்கு ஒன்றுதான் அதற்குத் தலைமை. எல்லாவற்றையும் முன்னால் நின்று மேய்த்ததால் குமுதா அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தார். கங்காணி ஏறினால் எல்லாம் ஏறும். இறங்கினால் எல்லாம் இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் தலைவர் சன்னாசிக்கு நல்ல மனசு வந்தது.

“திருவிழாவுல ஒங்களுக்குப் பொன்னாடை போத்துறோம் குமுதா. நம்ம ஆளுங்கள நம்மளே மதிக்கலன்னா எப்டி?”

“பழம் கிழம் ஒண்ணும் வேணாம்ண்ணே.”

“ஐயோ, ஒங்க கொள்க எங்களுக்குத் தெரியாதா லா!”

திருவிழாவன்று மேடையில் பொன்னாடை விழுந்தது. குரங்குக்குப் பழம் போடக் கூடாது என்று குமுதா பேசினார். பலத்த கைத்தட்டல். கைத்தட்டல் அடங்கியதும் மேடைக்குப் பின்னாலிருந்த திரை விலகியது. தாம்பாளம் தாம்பாளமாக வாழை, பப்பாளி, ரம்புத்தான். ‘குமுதா அவர்களின் சேவையைப் பாராட்டி வானரங்களுக்கு மாபெரும் விருந்து’ என்று பேனர் சொன்னது.

“சர்ப்ரைஸ்!” என்றார் சன்னாசி.

கங்காணி இறங்கியது. எல்லாம் இறங்கின. குமுதா மைக்கைப் பிடித்தபடி நின்றார். அப்போது யாரோ எடுத்த படம் நன்றாக வந்திருந்தது.

மறுநாளும் விருந்து இருக்கும் என்று குரங்குகள் நம்பியதில் தவறில்லை. இல்லை என்றதும் குன்றடியில் இருந்த தாமான் குடியிருப்புக்குள் போயின. சரளா என்பவரின் சமையலறையில் சோற்றுப் பானையைக் கவிழ்த்தன. தடுக்க வந்த சரளாவின் விரலைக் கடித்தன. தாமானே திரண்டு வனவிலங்கு இலாகாவிடம் புகார் கொடுத்தது. கூண்டு வந்தது.

கூண்டுக்குள் வைத்திருந்தது வாழைப்பழம். குமுதா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். ‘போகாதே’ என்று கத்தவில்லை. அவர் அட்டையில் எழுதியிருந்தது மனிதர்களுக்கு. கங்காணி முதலில் போனது. மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. கதவு விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

வீட்டில் கணவர் விக்னேஸ்வரன் கேட்டார். “எல்லாத்தயும் கொண்டு போய்ட்டாங்களா?”

“ம்.”

“சாப்புடு. கொழம்பு ஆறுது.”

சாப்பிட்டார். ரசமும் ஊற்றிக்கொண்டார். பொன்னாடை நாற்காலியில் கிடந்தது. விக்னேஸ்வரன் அதை மடித்து எங்கே வைப்பது என்று கேட்டார். குமுதா தட்டைக் கழுவப் போனதால் நாற்காலியிலேயே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை குமுதா வழக்கம்போல வாசலில் நின்றார். குடை, அட்டை. வேறெங்கே போவது என்று அவருக்குத் தோன்றவில்லை. கார் நிறுத்தி இறங்கியவரிடம், “பழம் போடாதீங்கண்ணே” என்றார்.

“யாருக்குக்கா போடறது? ஒண்ணயும் காணமே!”

சன்னாசி வேகமாக வந்தார். முகத்தில் உண்மையான கவலை.

“பாத்தீங்களா குமுதா? பழம் போடாத, போடாதன்னு வெரட்டி வெரட்டி, எல்லாம் கோவிச்சிக்கிட்டுப் போயிருச்சி. ஜனங்க கேக்கறாங்க லா. ஒங்களுக்குத்தான் குரங்கு வெவரம் தெரியும். சிலிம் ரிவர் பக்கம் சொல்லி ஒரு நாலஞ்சு கெடைக்குமா பாருங்க.”

குமுதா குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிச் சாய்த்தார். காரிலிருந்து இறங்கியவர் கொண்டுவந்த சீப்பைச் சுவரின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். குரங்குகள் போய்விட்டது சனி பகவானுக்குத் தெரியாது அல்லவா.

“போடாதீங்கண்ணே,” என்றார் குமுதா, அவர் போன பிறகு.