படிவத்தில் எழுதாத இரும்பு

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் நான் கோப்பை கழுவுகிற உணவகத்தில்தான் இது தொடங்கியது. வலது காலின் செருப்பு கழன்றுபோனது எனக்குத் தெரியவில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். முதலாளி கையைக் காட்டின பிறகுதான் குனிந்து பார்த்தேன். 2003, தை மாதம்.

முதுகெலும்புக்குள் ஏதோ நரம்பை நெரிக்கிறது, கட்டியாக இருக்கலாம் என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து எடுக்கும் படம்) எடுக்க வேண்டுமாம். முதலில் ஒரு படிவம். உடம்பில் உலோகம் உண்டா? இல்லை என்று கோடு போட்டேன்.

உண்டு. யாழ்ப்பாணத்தில் பட்ட செல் (பீரங்கிக் குண்டு) துண்டு, நாரியில், இடுப்புக்குப் பின்பக்கம். அகதி விசாரணையில் சொன்னால் ஆயுதம் தூக்கின இயக்கப் பெடியன் என்று திருப்பி அனுப்புவார்கள் என்று யாரோ சொல்ல, அப்போது மறைத்தேன். அதற்குப் பிறகு ஜெர்மன் படிவம் எதைக் கண்டாலும் கை தானாக இல்லை என்றுதான் போடும்.

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் தெரியும். நரம்புக்குப் பக்கத்தில் அது அசைந்தால்?

"சொல்லுங்கோப்பா," என்றாள் மனைவி.

"பொய் எழுதினது பிடிபட்டா விசாவில கை வைப்பாங்கள்."

"கால் ஏலாமப் போனா விசாவை வச்சோ நடக்கப் போறியள்?"

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஹெர் (திரு) லோரென்ஸ் என்ற கிழவர். எண்பதை நெருங்கியிருந்தார். பட்டப்பகலில் சொல்வார்: "திரையை மூடும். மேலே ஏறி வருகிறார்கள்." ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். பனி மூடிய கார் தரிப்பிடம்தான் இருக்கும்.

படம் எடுக்கிற அன்று காலை கேட்டார்: "உமக்கு எந்த இடத்தில் துண்டு?"

மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒரு பக்கத்தை மடிக்காமல் எழும்புகிறீர். நானும் அப்படித்தான்."

யூகோஸ்லாவியாவில் ஜெர்மன் பேசுகிற ஊரில் பிறந்தவராம். உலக யுத்தத்தில் நாஜிகளின் எஸ்.எஸ். படைக்காரர் பட்டியலோடு வந்து, ஜெர்மன் இரத்தம் என்று மலைப்படையில் சேர்த்தார்களாம். அதுவரை ஜெர்மனியை அவர் கண்டதே இல்லை.

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சிலர் விரும்பிப் போனார்கள். நான் பட்டியலில் போனேன். பொஸ்னியாவில் ஊர்களை எரிக்கும்போது அந்த வித்தியாசம் இருக்கவில்லை. நானும் எரித்தேன். வீடுகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்."

இடது கையைத் தூக்கிக் காட்டினார். கக்கத்தில் சுருங்கிய தழும்பு. படையில் பச்சை குத்திய இரத்த வகையைத் தானே சுட்டு அழித்தாராம். அதற்குக் கீழே, விலாவுக்குள், மலையேறி வந்து எதிர்த்துச் சண்டை பிடித்தவர்களின் குண்டுத் துண்டு.

"அறுபது வருடமாக எல்லாப் படிவத்திலும் இல்லை என்றுதான். நீர் என்ன எழுதினீர்?"

"இல்லை எண்டு."

சத்தமில்லாமல் சிரித்தார். "அப்போ நீரும் என்னைப் போலத்தான்."

செல் விழுந்த அன்று நான் வீட்டுக்குள் இருந்தவன்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன தாதியிடம், காந்த அறை வாசலில் சொல்லிவிட்டேன். அவள் படிவத்தில் என் கோட்டை வெட்டித் திருத்தினாள், அவ்வளவுதான். விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முதுகெலும்புக்குள் சாயம் ஏற்றி வேறு விதமாகப் படம் எடுத்தார்கள். கட்டியை வெட்டி எடுத்தார்கள். திரும்ப நடக்கப் பழக மூன்று மாதம் பிடித்தது.

உங்கள் உடம்பிலும் இப்படி ஒன்று இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கோ.

துண்டு இன்னும் உள்ளேதான். பனி விழுந்தால் அது முதலில் குளிரும். அப்போது நான் செல் விழுந்த அந்த வீட்டுக்குள் இருக்கிறேன். வெளியே யாரோ மேலே ஏறி வருகிறார்கள். நாங்கள் இருக்கிற தெருவில் ஏற மலை ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஒரு பக்கத்தை மடிக்காமல் எழும்பி, திரையை மூடுகிறேன்.