கந்தகம் மணக்கும் பூனைகள்

மிருக வைத்தியர் தந்த கந்தக மருந்தில் நான்கு பூனைகளையும் நனைத்தேன். அவற்றிடமிருந்து மகளின் கன்னத்தில் தொற்றிய படர்தாமரைக்கும் களிம்பு பூசியாயிற்று. ஆனாலும் சரியாகத்தான் செய்கிறேனா என்று பயம்.

"பூனைகள எங்கயாவது விட்டுருவோமா?" என்றார் கணவர், கழுத்தைச் சொறிந்தபடி.

சிறுவயதில் மாத்தளை வீட்டிலும் இதே கந்தக வாடைதான். எனக்கும் தம்பிக்கும் பூனைகளுக்கும் சேர்ந்தே படர்தாமரை வந்திருந்தது. அம்மா ஒரு சாக்கை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இதுகளப் பல்லேகம பஸ்ல கொண்டுபோய்த் தூரமா விட்டுட்டு வாங்க!"

நான் அழுதேன். அப்பா சாக்கை விரித்துப் பார்த்தார்.

"பிள்ளைங்களுக்கும்தானே இருக்கு. பெரிய சாக்கா குடு."

அம்மா சிரித்துவிட்டார். அன்றே அப்பா எங்களையும் பூனைகளையும் வரிசையாகக் கந்தகச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார்.

கணவரின் சட்டைக் கழுத்தை விலக்கினேன். சிவப்பாக ஒரு வட்டம்.

"விட்டுரலாங்க. பெரிய சாக்கா பாருங்க, நீங்களும் ஏறணுமே."