நான் வெட்டிய குடும்பப் படம்

தேயிலை விலை விழுந்து, பச்சை இலைக்குக் கிடைக்கும் காசு பறிகூலிக்கே காணாது என்று ஜனங்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்ட வருஷங்களில் நான் கலாரசிகன் ஆனேன். வேறு வேலை இல்லை, அதுதான் காரணம். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் ஆபீசில் குமாஸ்தா. வாங்க ஆளில்லாத சரக்குக்குக் குமாஸ்தா எதற்கு? மேஜையைத் துடைத்துவிட்டு நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன். கடைவீதியில் ஒவ்வொரு கடையாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய இடங்களிலிருந்து பழைய போட்டோக்கள் பழைய பேப்பர் கடைக்கு வந்தன. நான் எடைக்கு வாங்கினேன்.

துரைமார், குதிரை, வேட்டையாடிய புலி, இதெல்லாம் மற்றவர்கள் சேர்ப்பது. அய்யாவுக்கு ரசனை உசத்தி அல்லவா! எனக்குச் சாதாரண மனிதர்கள்தான் வேண்டும். காந்தலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தபால்காரர். ஸ்டூடியோவில் இருந்த ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட ஏழு மாப்பிள்ளைகள். "அன்றாடத்துல இருக்கு சார் அழகு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். சொல்லும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வேன் வேறு. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் மனைவிக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். அவளுக்கு இந்த அழகெல்லாம் எடுபடவில்லை. "ஏனுங்க, ஊருல செத்தவங்களையெல்லாம் கூட்டியாந்து நம்ம ஊட்டுச் செவுத்துல தொங்க விட்டிருக்கறீங்க. உங்கப்பாரு படத்துக்கு ஒரு ஆணி கெடைக்கலீங்களா?" என்பாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கோத்தகிரியில் மூடிய ஒரு ஸ்டூடியோவின் சரக்கோடு அந்தக் குடும்பப் படம் வந்தது. நெகட்டிவ்களையெல்லாம் ஸ்டூடியோக்காரர் அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து இறங்கிய குடும்பம் அது. அப்படி வந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த குடும்ப அட்டையில் ஒட்டுவதற்காகக் குடும்பமே ஒரே படத்தில் நிற்கிறது. அப்பா, நாலு குழந்தைகள். வலது ஓரத்தில் அம்மா. படம் எடுத்த நொடியில் அவள் கடைசிக் குழந்தையின் மூக்கைத் துடைக்கக் கையை நீட்டிக் குனிந்திருக்கிறாள். அதனால் அவள் முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது.

ஏதோ ஒரு பங்களாச் சாமான்களை விற்றபோது வாங்கிய தேக்குச் சட்டம் ஒன்று என்னிடம் இருந்தது. படம் அதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். கத்தரிக்கோலை எடுத்தேன். ஓரத்தில் இருந்தவளை வெட்டினேன். குழந்தையின் மூக்கருகே அவளுடைய கை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கையைப் பற்றி நான் பேசிய பேச்சு இருக்கிறதே! "ஆள் இல்லை பாருங்க, கை மட்டும் வருது. யாரோட கை? அதைச் சொல்லாம விட்டான் பாருங்க, அதுதான் கலை" என்று காபி ஆறும்வரை விருந்தாளிகளை விடமாட்டேன். வெட்டியது நான் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாளாக ஆக, அது ஸ்டூடியோக்காரரின் மேதைமை என்று நானே நம்பத் தொடங்கினேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஜெகதளாவிலிருந்து ஒரு அம்மாளைக் கூலிக்கு வைத்தோம். கீழ் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தில் வேலை நின்றுபோனதும் மகள் வீட்டோடு வந்திருந்தார். சுவரிலிருந்து படங்களைக் கழற்றி வைத்துக்கொண்டே வந்தவர், இந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஆஹா, ரசிக்கத் தெரிந்த ஆத்மா என்று எனக்கு ஒரே பூரிப்பு. பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"பாத்தீங்களாம்மா, அந்தக் கை..."

"எங்கம்மா கைங்கய்யா" என்றார். "மூக்கு ஒழுகிட்டு நிக்கிறது நானு."

அவரே மேலே சொன்னார். ஒரு படம் அட்டையோடு ஏதோ ஆபீசுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம். இங்கே வந்த மறுவருஷமே அம்மா செத்துப் போயிற்றாம். "எனக்கு மொகம் ஞாபகம் இல்லீங்கய்யா. படத்துல இருக்குன்னு அப்பா சொல்லும். படம் எடுத்த கடைக்கு எத்தனையோ வாட்டி நடந்தேன், தேடிப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிச்சிருவாங்க."

பிறகு சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "மீதிய உள்ளார மடிச்சு வெச்சிருக்கீங்களாங்கய்யா? கழட்டுங்களேன், ஒரு தடவ பாத்துக்கிறேன்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கோழை. மடித்து வைத்திருப்பவனைப் போலவே, குறடெடுத்து நாலு ஆணியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். படத்தை வெளியே எடுத்தார். ஓரத்தை விரலால் தடவினார். கத்தரித்த ஓரம் நேராக இருந்தது.

"வெட்டிட்டேம்மா" என்றேன். "மிச்சத்தை வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

"ஏங்கய்யா?"

கலை, அன்றாடம், அழகு என்று வருஷக்கணக்காகப் பேசிய வாயில் அப்போது ஒரே ஒரு காரணம்தான் வந்தது. "முகம் கலங்கலா இருந்துச்சும்மா. ஆடிட்டாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாலு புள்ளைய வெச்சிக்கிட்டு எப்பிடிங்கய்யா ஆடாம நிக்கும்?"