பெயரில்லாத மகள்

கஜானி நான்கு வருடமாக நாவல் எழுதுகிறாள். எழுதுகிறாள் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஏழாம் அத்தியாயத்தில் போய்க் குந்தியவள் இன்னும் எழும்பவில்லை. கதாநாயகி செல்வநாயகி சாப்பிடுகிறாள், பெருமூச்சு விடுகிறாள், வேறொன்றும் செய்கிறாளில்லை. இந்தக் கிழமைக்குள் அவள் அசையாவிட்டால் நாவல் எழுதிய மூன்று கொப்பிகளையும் அடுப்புக்குள் வைத்துவிடுவதென்று கஜானி முடிவெடுத்திருந்தாள். சொன்னால் செய்கிற பெண்தான்.

கொடிகாமத்தில் ஓர் அச்சகத்தில் அவளுக்கு வேலை. நாளுக்கு நாலைந்து மரண அறிவித்தலாவது அடிப்பாள். எங்கள் ஊரில் ஓர் ஆளை அறிய அதைவிட வேறென்ன வேண்டும்? பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகள், இன்னாரின் தாய், இன்னாரின் மாமி என்று முழுச் சீவியமும் ஒரே தாளில் வந்துவிடும். அன்று மத்தியானம் செல்வநாயகிக்கும் ஒன்று அடித்துப் பார்ப்போமே என்று தோன்றியது. வழக்கம்போல முதல் நாள் அறிவித்தலைத் திறந்து பெயர்களை மாற்றினாள். பிறந்த ஊர் புத்தூர். படத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்கு. தொடர்புக்குத் தன்னுடைய தொலைபேசி இலக்கம். அழிக்காமல் கணினியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சுவரொட்டி ஒட்டுகிற சுபாஸ் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பொறுப்பான மனிதன். ஒரு சாவையும் தவறவிடமாட்டான். மற்றவற்றோடு சேர்த்துச் செல்வநாயகியையும் அச்சடித்து, விடியமுன் சந்தை முழுக்க ஒட்டிவிட்டான்.

காலையில் கஜானியின் தொலைபேசி ஓயவில்லை. தகனம் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், புத்தூரில் அவ எங்கள் ஒழுங்கைதானே, நாலு வீடு தள்ளி, நல்ல மனுசி என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கஜானிக்கு மயிர் கூச்செறிந்தது. நான்கு வருடம் தன் கையில் உயிர்க்காத ஒருத்தி, செத்த மறுநாள் ஊருக்குள் நடமாடுகிறாளே!

முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் நிற்கும்போது குணலட்சுமி வந்தாள். சந்தையில் வாழைக்காய் விற்பவள். உரித்தெடுத்த சுவரொட்டியை மேசையில் விரித்தாள்.

"மருமக்கள் குகதாசன், றஜிந்தன் எண்டு ரெண்டு பேர். மகள் உதயகலா ஒருத்திதான். மற்றவளின்ரை பேர் எங்கை, பிள்ளை?"

கஜானி குனிந்து பார்த்தாள். றஜிந்தன் முதல் நாள் அறிவித்தலில் இருந்தவர். அழிக்க மறந்துபோனாள். இது கதை அக்கா, அப்படியொரு மனுசியே இல்லை என்று உண்மையைச் சொன்னாள். குணலட்சுமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவள் தாயின்ரை செத்தவீட்டுக்கு வந்தவளோ?"

"தெரியேல்லை, அக்கா."

"வந்தவள். படலைக்கு வெளியாலை நிண்டவள். ஒருத்தரும் உள்ளுக்கு வா எண்டு கேக்கேல்லை."

சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கையால் தடவினாள். தான் படைக்காத மகள் ஒருத்தி, தன் பிழைக்குள்ளால் நடந்து வந்து எதிரே நிற்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் செல்வநாயகி ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. அந்த வீட்டில் பேசக்கூடாத பெயர் ஒன்று இருந்திருக்கிறது.

கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அக்கா," என்றாள். கொப்பியைத் திறந்தாள்.

"அண்டைக்கு அவள் என்ன சீலை உடுத்திருந்தவள்?"

குணலட்சுமி சுவரொட்டியை மடித்தாள்.

"சந்தைச் சீலைதான். வாழைக்காய்க் கயர்க் கறை பட்டது. மாத்திக்கொண்டு போக நேரமில்லை, பிள்ளை. சுவரிலை பார்த்துத்தானே அம்மா போனது எனக்கே தெரியும்."