வெர்னா அக்கா கேட்ட அமைதி

கனடாவின் கேண்டர் ஊரில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் விற்கிறேன். இத்தனை வருஷத்தில் என் மூக்கை உடைத்த வாடிக்கையாளர் ஒருவர்தான். பெயர் வெர்னா கோஸ். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தூரத்து ஆட்களோடு பேச வீட்டில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்.

அக்டோபரில் கணவர் செஸ்ஸோடு கடைக்கு வந்தார். மெயில் பார்க்க, சீட்டாட, டொரொன்டோவில் இருக்கும் மகளின் முகம் பார்க்க ஒரு டெஸ்க்டாப் வேண்டும். கரண்ட் பில் ஏறக் கூடாது.

"சத்தம் போடாததா இருக்கணும், கண்ணு" என்றார் வெர்னா.

இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஃபேனே இல்லாமல், பத்து வாட்டில் ஓடும் சின்னப் பெட்டியை எடுத்து ஓடவிட்டேன். "காதை வச்சுப் பாருங்கக்கா. ஒரு முனகல் கேக்காது."

அவர் காதை வைக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பெட்டியின் பக்கத்தில் வைத்தார். அதுவரை மெல்லச் சீறிய டிரான்சிஸ்டர் கொர்ர்ரென்று இரைந்தது.

"இதுவா சத்தம் போடாது?"

செஸ் சிரித்தார். "தம்பி, பல்பு வாங்கினாக்கூட இந்தப் பரீட்சையில பாஸானாத்தான் இவ வீட்டுக்குள்ள விடுவா."

வெர்னா சிரிக்கவில்லை. "என் தம்பி எல்டன் வடக்கே லாப்ரடார் காட்டுல, வேட்டைக் குடிசையில தனியா இருக்கான். போன் எட்டாது. தினம் காலையில ஏழு மணிக்கு ரேடியோல பேசுவான். குரல் நூலாட்டம்தான் வரும். ஒரு நாள் வரலேன்னா, அவன்தான் பேசலையா, இல்ல இந்தப் பெட்டி முழுங்கிருச்சான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து பெட்டிகளை மாற்றிப் பார்த்தோம். எல்லாவற்றின் பக்கத்திலும் டிரான்சிஸ்டர் இரைந்தது. நான் கையை விரித்துவிட்டேன். அவரோ முதல் பெட்டியின் வயரோடு ரேடியோவை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். அடாப்டர் அருகே அது அலறியது.

"பெட்டி நல்ல பிள்ளை, கண்ணு. களவாணி இதுதான்."

உள்ளறையில் கிடந்த, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைத் தூக்கி வந்து மாட்டினேன். செங்கல் கனம். ஆனால் இரைச்சல் அடங்கியது. ஜோடியாகக் கட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் வெர்னா மட்டும் கடைக்கு வந்தார்.

"போன வியாழக்கிழமை எல்டன் குரல் வரல. அந்தப் பக்கத்து மத்த ஆளுங்க குரலெல்லாம் தெளிவா வந்துச்சு. செஸ் பக்கத்துலயே இந்தக் கம்ப்யூட்டர்ல சீட்டாடிட்டிருந்தார். ரேடியோல ஒரு இரைச்சல் இல்ல. ஏழேகாலுக்கே அவங்கள்ல ஒருத்தரை ரேடியோலயே கூப்பிட்டு, ஸ்னோமொபைல் பனிவண்டியில அனுப்பிட்டேன்."

முந்தின நாள் மாலை எல்டன் வாசலில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு உடைந்திருந்தது. அடுப்பு அணைந்த குடிசைக்குள் தவழ்ந்து வந்து கிடந்தவரை உயிரோடு மீட்டிருக்கிறார்கள்.

"பெட்டி மேல கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தாக்கூட மறுநாள் வரைக்கும் பொறுத்திருப்பேன், கண்ணு" என்றார் வெர்னா. "மறுநாள் அவன் இருந்திருக்க மாட்டான்."

கடை நடுவே நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.