சகலை போட்ட சேம் சைடு கோல்

எந்த ஆட்டம் பார்க்கச் சிறந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். என் காரணம் வேறு. ஒருவர் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் பல ஆண்டுகள் மைதானம் மைதானமாகப் போய்வந்தேன். அந்த வேலைக்குக் கால்பந்தைப் போல் உதவிய ஆட்டம் வேறில்லை.

அந்த ஒருவர் என் சகலை. என் மனைவியின் அக்காள் கணவர். செங்கல்பட்டில் அரிசி மில் வைத்திருந்தார். நான் கேளம்பாக்கம் உப்பளத்தில் எடை எழுதும் குமாஸ்தா. என் மச்சினன் கல்யாணப் பந்தியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் இலை ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டே வந்தார். என் இலைக்கு வந்ததும் சகலை அவர் கையைத் தடுத்தார்.

"இவருக்கு வாணாம்பா. இவரு உடம்பே உப்புதான். கைய நக்கிக்கினே சாப்புட்டுடுவாரு."

பந்தி முழுவதும் சிரித்தது. தூண் பக்கம் பெண்களோடு நின்றிருந்த என் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"நீ இன்னாத்துக்கு சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

அன்றிலிருந்து மாமனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் உப்பு சித்தப்பா. சகலையின் மேல் இருந்த கோபத்தைவிட அந்த ஒரு சிரிப்பின் மேல் இருந்த கோபம் பெரிது. அதே பந்தியில், அதே மனிதர்கள் முன்னால், அவரைப் பார்த்து அவள் சிரிக்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான். அதற்குக் குறைவான எதையும் ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை.

சகலைக்கு விளையாட்டில் ஆசை அதிகம். அவர் எங்கே ஆடினாலும் நான் போய் நின்றேன். முதலில் பூப்பந்து. மில்லுக்குப் பின்னால் அவரே போட்ட தரை. அவர் நன்றாக ஆடுவார். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வராது. ஆனால் பூப்பந்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. பந்தை வலையில் அடித்துவிட்டாலும் அடுத்த பந்தில் அந்தத் தப்பைத் துடைத்துவிடலாம். எதிரியின் தப்பு இவ்வளவு சீக்கிரம் மறக்கப்படுகிற ஆட்டத்தில் எனக்கு என்ன வேலை?

பொங்கலுக்குச் சடுகுடு வைத்தார்கள். அவர் பிடிபட்டார். நாலைந்து பேர் அவர்மேல் விழுந்து கிடந்ததில் அவர் முகமே தெரியவில்லை. முகம் தெரியாத தோல்வி தோல்வியல்ல.

கிரிக்கெட் எல்லாவற்றையும்விட மோசம். காலையிலிருந்து வெயிலில் நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அவர் கொட்டகைக்குள் தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் என் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்தால் கோபமும் தூங்கப் போய்விடுகிறது.

கால்பந்தில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் உட்கார முடியாது. பார்க்கிறவனும் உட்கார முடியாது. ஆட்டக்காரனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கோடு வரைக்கும் நெருங்கி நின்று அவன் காதில் விழும்படி பேசலாம். கோல் விழுவது அபூர்வம் என்பதால் விழுந்தது விழுந்ததுதான். விசில் ஊதும்வரை அது அவன் தலைமேலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவன் தன் காலாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கும் ஆட்டம் அது. தன் பக்கத்துக் கோலுக்குள் தானே பந்தை அடித்துவிடலாம்; அதற்கு நம் ஊரில் சேம் சைடு கோல் என்று பெயர்.

மகாபலிபுரத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மைதானம் உண்டு. பாதி மண், பாதி கடல்மணல். கோல் கம்பங்களும் சவுக்குதான். ஒரு மாசி மாதம் எங்கள் உப்பளத்து ஆட்களும் குப்பத்து ஆட்களும் சேர்ந்த கட்சிக்கும் செங்கல்பட்டுக் கட்சிக்கும் அங்கே ஆட்டம் நடந்தது. சகலை செங்கல்பட்டுக்கு பேக், கோலுக்கு முன்னால் நின்று காக்கிற ஆள். நாற்பதைத் தாண்டியவருக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்றால், பந்து அவர் வாங்கிக் கொடுத்தது. மைதானத்தில் பூட்ஸ் போட்டிருந்தவரும் அவர் ஒருவர்தான். கடலைப் பார்த்ததுபோலவும் ஆகும் என்று மாமனார் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். என் மனைவியும் வந்திருந்தாள்.

சகலை என்னைப் பார்த்ததும் கோட்டுக்கு அருகில் வந்தார்.

"இன்னா சகலை, இங்கயும் உப்பு விக்க வந்துட்டியா?"

"பாக்க வந்தேன்," என்றேன்.

எனக்காக எங்கள் ஆட்கள் பேசினார்கள்.

"அண்ணாத்த, நீ ஆடுறியா, பூட்ஸ் ஆடுதா?"

"டேய், முதலாளி ஓடியாறாரு, பந்தே, நீயா ஒதுங்கிக்கோ!"

"அரிசி மூட்டை உருளுது, பாத்துடா மச்சான்!"

வெயில் தாழும்வரை யாருக்கும் கோல் இல்லை. எங்கள் ஆட்கள் இரண்டு தடவை கம்பத்தில் அடித்தார்கள். இன்னும் சிறிது நேரம் போனால் சமமாக முடிந்து, சகலை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கௌரவமாக வீடு திரும்பிவிடுவார். அதை நினைத்தே நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாகப் போய் அவர்கள் கோலுக்கு முன்னால் விழுந்து உருண்டது. பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. சகலை தன் கோலைப் பார்த்தபடி பந்தின் பின்னால் ஓடினார். எதிரே அவர்களுடைய கோல் காக்கும் கோலி கையை விரித்துக்கொண்டு பந்தை எடுக்க வந்தான்.

"வுடு! வுடு!" என்று கத்தினான்.

நீ விலகிக்கொள், நான் எடுக்கிறேன் என்பது அவன் பொருள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஓங்கி ஒன்று அடி என்பதற்கும் வுடு என்றுதான் சொல்வோம். சகலை இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டார். வெளியே அடிக்கத்தான் காலை ஓங்கினார். மணலில் பூட்ஸ் சறுக்கியது. பந்து கோலியின் விரித்த கைக்குக் கீழே புகுந்து, இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது.

"சேம் சைடு!" என்று தோப்பே கத்தியது.

"வுடுன்னு தானே சொன்னேன்!" என்று கோலி தலையில் அடித்துக்கொண்டான்.

"அதான்டா வுட்டேன்!" என்றார் சகலை.

அந்தப் பதிலுக்கு எழுந்த சிரிப்பு கோலுக்கு எழுந்த சத்தத்தைவிடப் பெரியது. அவர் முகம் முழுவதுமாகத் தெரிந்தது. மேலே யாரும் விழுந்து மறைக்கவில்லை. நான் அதை நிதானமாகப் பார்த்தேன். பிறகு என் மனைவியைத் தேடினேன்.

அவள் அங்கே இல்லை. பெண்களெல்லாம் கடற்கரைக் கோயில் பக்கம் போயிருந்தார்கள். புடவை நனைய, கையில் கிளிஞ்சல்களோடு வந்து, "யாரு கெலிச்சா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போய் அவளுக்கு விளக்கினேன். சொம்பைக் கோலியாக வைத்தேன், புளி உருண்டையைப் பந்தாக வைத்தேன். கோலி சொன்னதையும் சகலை சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "புளிய எடுத்து உள்ள வையி, எறும்பு வரும்," என்றாள். கால்பந்தின் ஒரே குறை இதுதான் என்று அன்று நினைத்தேன். அந்தக் கணத்தில் கண் அங்கே இல்லாதவருக்குப் பிறகு எதையும் காட்ட முடியாது. என் பழி பாதியில் நின்றது.

அடுத்த வருஷம் மச்சினன் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அதே வீடு, அதே மனிதர்கள், நானும் சகலையும் மறுபடி அடுத்தடுத்த இலை. இந்த முறை வீட்டுப் பெண்களே பரிமாறினார்கள். ரச வாளியோடு என் மனைவி வந்தாள். சகலை யாரிடமோ பேசிக்கொண்டே இலைக்கு மேல் கையை நீட்டி, "வுடு, வுடு," என்றார்.

அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னா மாமா, வுடுன்னா ஊத்தட்டுமா, நிறுத்தட்டுமா? ஒயுங்கா சொல்லிடுங்க. அப்பால சேம் சைடு ஆயிடும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள். ஒருவருக்குப் புரையேறியது. மாமனார் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் அப்போதே, "சேம் சைடு பெரியப்பா!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சகலை நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். என் மனைவி சிரித்தாள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை. கையில் வாளி இருந்தது.

நான் சிரிக்கவில்லை. குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பந்தி முழுவதும் கேட்கும்படி, எனக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வைக்கச் சொன்னேன்.