பஞ்சு என்னுடையது, கம்பி அவருடையது

நேற்று அந்த டேங்குக்குப் புதிதாகப் பஞ்சு போட்டேன். விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்கு எஃகில் மூடியும் அடியும், அடியில் இரண்டு குட்டித் திருகுகள், திருகுகளுக்கு நடுவே ஒரு சுருள் கம்பி. சுருளுக்குள் பஞ்சைக் கோத்து, இரு வால்களையும் கத்தரித்து, பக்கத்துப் பள்ளங்களில் படிய வைக்க வேண்டும். குழாயில் ஊற்றும் நிக்கோட்டின் சாறு பஞ்சில் ஏறும், பட்டனை அழுத்தினால் கம்பி சூடாகி அதை ஆவியாக்கும், அதைத்தான் இழுப்பது. வேப் என்கிற மின்சிகரெட் அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அடிக்காதவர்கள் தெரிந்துகொள்ளாமலே போனால் நஷ்டமில்லை. நான் விட்டு வெகு காலமாகிறது. ஆனால் விரல் மறக்கவில்லை. பஞ்சை இழுக்கும்போது சுருள் லேசாக அசைய வேண்டும், ஆனால் வளையக் கூடாது. நேற்றும் அப்படியே அசைந்தது. டேங்க் என்னுடையதல்ல, அண்ணனுடையது.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவரல்ல. ஒயிட்ஃபீல்ட் ஆபீஸில் என் டீமில் இருந்தவர். அங்கே மேனேஜரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டது இவர் ஒருவரைத்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே ஆபீஸ் வண்டியில் வந்தோம். முதலில் நீலசந்திராவில் நான் ஏறுவேன், பிறகு கண்டோன்மெண்ட் பக்கத்தில் அவர் ஏறுவார். வண்டி டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் மெல்லிய குரலில் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் பாடும் குழுவில் அவருக்கு அடிக்குரல். ஆள் தொப்பையும் தொந்தியுமாக இருப்பார், குரல் அதைவிடக் கனமாக இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு பேரும் நேரே கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் பின்னால் போய் சிகரெட் பற்றவைப்போம். அங்கே நின்ற ஒரே பெண்பிள்ளை நான்தான். முறைத்துப் பார்த்தவர்களையெல்லாம் அண்ணன் திருப்பி முறைத்தார். அண்ணா என்று கூப்பிட அது போதாதா?

இரண்டு பேருக்கும் விட வேண்டும் என்று ஆசை. அவருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டில் ஒரு நீண்ட வரி. அதன் நடுவிலேயே இருமல் வந்துவிட்டது. "ஃபாதர் திரும்பிப் பாத்தாரும்மா. மானமே போச்சு" என்றார். எனக்கு என் மகள். முத்தம் கொடுக்க வந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாரமே இரண்டு பேருமாகப் போய் ஆளுக்கொரு வேப் வாங்கினோம். அப்போது அது கடையில் கிடைத்தது. ரெடிமேட் சுருள் வேண்டாம், நாமே கட்டிக்கொள்ளும் வகைதான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். கை சும்மா இருந்தால் சிகரெட்டைத் தேடும் என்பது அவர் வாதம். வீடியோ பார்த்து இரண்டு பேரும் சேர்ந்தேதான் கற்றுக்கொண்டோம், சேர்ந்தேதான் சொதப்பினோம்.

எனக்குப் பொறுமை கிடையாது. கம்பியை ஸ்க்ரூடிரைவர் தண்டில் சுற்றினால் பாதியில் கோணிக்கொண்டு போகும். அவர் சுற்றினால் ஒட்டி ஒட்டி உட்காரும். திருகில் மாட்டிப் பட்டனை அழுத்துவார். சுருளின் ஓரம் மட்டும் சிவந்தால் இடுக்கியால் நெருக்கி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவக்கும்வரை விடமாட்டார். ஆனால் பஞ்சு விஷயத்தில் மனிதர் சுத்த மோசம். தடித்த விரலால் திணி திணி என்று திணிப்பார். பஞ்சு இறுகினால் சாறு ஏறாது, சாறு ஏறாத பஞ்சு கருகும், அந்தக் கருகலை இழுத்தால் தொண்டையில் தீக்குச்சியைக் கிழித்த மாதிரி இருக்கும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம்: கம்பி அவர், பஞ்சு நான். திங்கட்கிழமை மத்தியானம் பேஸ்மெண்டில் யாருடையதோ ஒரு காரின் பானெட்டில் கர்ச்சீப்பை விரித்து, இரண்டு டேங்கையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். செக்யூரிட்டிக்காரர் முதலில் ஏதோ குண்டு செய்கிறோம் என்றே நினைத்தார். அண்ணன் கன்னடத்தில் விளக்கிச் சொன்னதும் அவரே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. பஞ்சு போட்டவள்தான் முதல் இழுப்பு இழுக்க வேண்டும், அவருடைய டேங்கிலும் நான்தான். கருகினால் கருகல் எனக்கு. வாய்வைக்கும் முனையைக் கழற்றி என்னுடையதை மாட்டிக்கொண்டு இழுப்பேன். நன்றாக வந்தால் தலையை ஆட்டுவேன். அண்ணன் வாங்கி இழுத்துவிட்டு, "சக்கத்தா இருக்கும்மா" என்று கன்னடம் கலந்து மெச்சுவார். சிகரெட்டை இரண்டு பேரும் தொடவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் அந்த வரியை இருமாமல் பாடி முடித்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது, சர்ச்சாயிற்றே என்று சும்மா இருந்தேன்.

பிறகு வேப்புக்கே தடை வந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைகள் மூடின, உதிரி பாகம்கூட எங்கும் கிடைக்கவில்லை. கையில் இருக்கும் சாறு தீரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதையும் விட்டுவிடலாம் என்று திட்டம் போட்டோம். அந்தச் சமயம் பார்த்து வண்டியிலிருந்து இறங்கும்போது என் டேங்க் கைதவறி விழுந்தது. கண்ணாடி போனால் போகட்டும், கம்பி மாட்டும் திருகின் தண்டே முறிந்துவிட்டது. அன்று டீக்கடைப் பக்கம் போன காலை எப்படித் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் வண்டியில் அண்ணன் தன் டேங்கைக் கர்ச்சீப்பில் சுற்றி என் மடியில் வைத்தார். கூடவே மிச்சமிருந்த சாறு பாட்டில்களும்.

"உங்களுக்குண்ணா?"

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கும்மா. தடைக்கு முன்னாடியே வாங்கி வச்சேன். நீ ஸ்வல்ப சும்மா இரு."

நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை பேஸ்மெண்டில் கர்ச்சீப்பை விரித்தோம். அவர் ஒரு சுருளைச் சுற்றி, சிவக்க வைத்து, எனக்குக் கொடுத்த டேங்கில் மாட்டினார். நான் பஞ்சு போட்டேன். பிறகு அவருடையதற்காகக் கையை நீட்டினேன்.

"வேணாம்மா. என்னுத நானே போட்டுக்கினேன்" என்றார் அண்ணன்.

ஒரு நாளும் பஞ்சு போடத் தெரியாத மனிதர். தான் போட்ட பஞ்சைத் தானே இழுத்துக் கண்ணில் தண்ணீர் வர இருமியவர். அவரிடம் இன்னொரு டேங்க் கிடையாது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கர்ச்சீப்பை மடித்தேன். "அப்படியாண்ணா" என்று கேட்டுவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தேன். அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் அவர் தன் டேங்கைக் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது அவர் மேல் புதினா வாசனை தூக்கலாக அடிக்கும். புதினாவுக்கு அடியில் என்ன வாசனை என்று என்னைப் போன்றவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், என் மகள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிய மாதிரியே. கேட்டால் டேங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் டீக்கடைக்குப் பின்னால் நிற்க வேண்டும். என் கணக்கு அவ்வளவு கேவலமானது. சாறு தீர்ந்தது, நான் அதையும் விட்டேன். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனும் சொன்னார்.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாட்டுக் குழுவில் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நிற்கிறார். இன்று மத்தியானம் பார்க்கப் போனேன். ஒரு மெஷினிலிருந்து குழாய், குழாய் முனையில் மாஸ்க், மாஸ்க்கின் ஓட்டை வழியாகப் புகை போல மருந்தாவி. என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கி, "பாரும்மா, இப்ப டாக்டரே ஆவி இழுன்றாரு. பஞ்சும் வேணாம், கம்பியும் வேணாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

கர்ச்சீப்பைப் பிரித்து டேங்கை அவர் கையில் வைத்தேன். எதற்காகக் கொண்டுபோனேன்? இனி அது அவருக்கு உதவாது என்று தெரியும். வெறுங்கையோடு போக முடியவில்லை, அவ்வளவுதான். அவர் மூடியைத் திருகித் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பஞ்சைப் பார்த்தார். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன்.

"அண்ணா, அந்தத் திங்கக்கெழமையே எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ கேட்டுடப் போறியோன்னு எவ்ளோ பயந்தேன் தெரியுமா? ஒரு வார்த்த கேட்டிருந்தா, வெக்கமில்லாம திருப்பி வாங்கியிருப்பேன்" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அவருக்கு வஞ்சகமாகப் பேசத் தெரியாது. காப்பியைக் குடித்தேன், என்ன குடித்தேன் என்று தெரியாமலே குடித்தேன். கிளம்பும்போது டேங்கை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். "பஞ்சு சக்கத்தா போட்டிருக்க" என்றார்.

இதோ மேஜை மேல் இருக்கிறது. சாறு படாத பஞ்சு, வெள்ளை வெளேரென்று. எங்கள் முறைப்படி கருகலை முதலில் இழுக்க வேண்டியவள் நான். அவர் இழுத்துக்கொண்டிருந்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.